நம்ம நர்ஸ் சிஸ்டர் அக்கா இறந்துட்டாங்க, அவங்கள தெரிஞ்சவங்க எழுதுங்க, அவங்க பசங்களுக்காக

அக்கா கூட நைட் டூட்டி பார்த்தவ நான். வேலைக்கு சேர்ந்த புதுசுல ஊசி போட வெயின் (ரத்தக் குழாய்) கிடைக்கலன்னா எனக்கு கை நடுங்க ஆரம்பிச்சிடும், அக்கா பக்கத்துல வந்து நின்னு "அவசரப்படாத, கைய கொஞ்சம் கீழ தொங்க விடச் சொல்லு, தானா எழும்பும்"னு பேஷண்ட்டுக்குக் கேக்காத மாதிரி சொல்லுவாங்க. தொடுறதுக்கு முன்னாடி உள்ளங்கை ரெண்டயும் தேச்சு சூடு பண்ணிக்குவாங்க. சில்லுன்னு கை பட்டா வெயின் சுருங்கிடும், அது பாடத்துலயே இருக்கு, ஆனா பயந்து போய் படுத்திருக்கறவங்களுக்கு அந்த சூடு எவ்வளவு தெம்புன்னு அக்காகிட்டதான் பார்த்தேன். இப்ப நானும் தேய்க்கிறேன், எனக்கப்புறம் வந்த பிள்ளைங்களும் தேய்க்குதுங்க.

பசங்களுக்கு அவங்கள அம்மாவாத்தான் தெரியும், வார்டுல எப்படி இருந்தாங்கன்னு நாங்க சொன்னாத்தான் உண்டு. பாப்பா என்கிட்ட "எங்கம்மா அங்கயும் திட்டுவாங்களா ஆன்ட்டி"ன்னு கேட்டா. சார்ட்ல டைம் போடாம விட்டா நல்லா வாங்கிக் கட்டிக்குவோம் கண்ணுன்னேன். சிரிச்சா, அப்புறம் இன்னும் சொல்லுங்கன்னு ஒட்டி உக்காந்துக்கிட்டா.

---

எங்க அப்பா ஐசியூல நினைவில்லாம இருந்தப்ப இந்த சிஸ்டர்தான். "ஐயா, இப்ப திருப்பிப் படுக்க வைக்கப் போறேன், லேசா வலிக்கும்"னு ஒவ்வொண்ணயும் சொல்லிட்டுத்தான் செய்வாங்க. அப்பாவுக்குக் கேக்குமா சிஸ்டர்னேன். கேக்கும்னு நினைச்சு நீங்களும் பேசுங்கன்னாங்க. பேசினேன். அந்த நன்றிய அவங்ககிட்ட நேர்ல சொல்லியாச்சு, இப்ப பசங்களுக்கும் சொல்றேன்.

---

நான் கொழுந்தன். எல்லாத்தயும் அண்ணன்கிட்ட படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் அழுதார், ஆனா நிறுத்தச் சொல்லல. வர்றவங்க, துக்கம் அஞ்சு கட்டமா வரிசையா வரும்னு கணக்கு சொல்றாங்க, அது 1969ல கூப்ளர் ராஸ்ங்கற டாக்டரம்மா சாவ எதிர்பார்த்திருந்த நோயாளிங்ககிட்ட பேசி எழுதினது, உயிரோட மிஞ்சி நிக்கறவங்களுக்கு அப்படி வரிசையெல்லாம் கிடையாதுன்னு அண்ணியே எங்களுக்கு சொல்லியிருக்காங்க. அண்ணன் காலைல பசங்களோட விளையாடுவார், சாயங்காலம் அண்ணியோட டூட்டி ஷூவ துடைச்சு வச்சிட்டு உடைஞ்சு போயிடுவார். ரெண்டும் அவர்தான்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், சின்னவன்கிட்ட "அம்மா தூங்குறாங்க"ன்னு சொல்லாதீங்க, யாரோ சொல்லிட்டாங்க, அதுலருந்து தூங்கப் பயப்படறான். அம்மா இறந்துட்டாங்கன்னே நாங்க சொல்லிட்டோம். அண்ணியோட வாய்ஸ் மெசேஜ் இருக்கறவங்க போன் மாத்தறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பிடுங்க, டூட்டி மாத்தித் தரச்சொல்லிக் கேட்டதா இருந்தாலும் சரி.