கம்ப்யூட்டர் பிராசஸருக்கு டவர் கூலர் போட்டேன். சத்தம் போனது, கூடவே வேகமும் போனது: உங்கள் அனுபவம் என்ன?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. வீடு மூன்றாவது மாடி. அதற்கு மேலே மொட்டைமாடிதான், பகல் முழுக்க வெயில் குடித்த தளம் ராத்திரி பதினோரு மணிக்கும் அனலாக இருக்கும். அந்த அறையில்தான் நானே பூட்டிய கம்ப்யூட்டர் ஓடுகிறது. பிராசஸர் ரைசன் 9 3900எக்ஸ், 12 கோர். கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விட்டதால் மதர்போர்டு மட்டும் பழைய ஏ320 என்ற மலிவு ரகம், ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன்.

பிராசஸர் பெட்டியிலேயே வந்த ரெய்த் பிரிசம் கூலரைத்தான் முதலில் மாட்டியிருந்தேன். ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்டால் மிக்ஸி ஓடுகிற மாதிரி இருக்கும். அதே அறையில்தான் அம்மாவும் குழந்தையும் தூங்குகிறார்கள். போன வைகாசி முகூர்த்த சமயத்தில் ஒரே ராத்திரியில் குழந்தை இரண்டு தடவை எழுந்து அழுதது. மறுநாளே 120 மி.மீ. ஃபேன் வைத்த டவர் கூலர் வாங்கி மாட்டினேன். பிராசஸர் சூடு 88 டிகிரியிலிருந்து 74க்கு இறங்கியது. "மெஷின் ஓடுதாடா, நிறுத்திட்டியா?" என்று அம்மா கேட்டார். அவ்வளவு அமைதி.

ஆனால் இரண்டரை மணி நேரத்தில் முடிய வேண்டிய ரெண்டர் நான்கு மணி நேரம் ஆனது.

பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டை இரண்டு தடவை மாற்றிப் போட்டேன். விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். ஒன்றும் மாறவில்லை. சூட்டையும் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரைத் திறந்து வைத்து உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. முதல் பத்து நிமிஷம் 3.8 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக ஓடுகிறது. அப்புறம் திடீரென்று 1.5க்கு விழுகிறது, ஏறுகிறது, மறுபடி விழுகிறது. விழும் நேரத்தில் பிராசஸர் சூடு அறுபது சொச்சம்தான். சூடு பிராசஸரில் இல்லை என்றால் வேறு எங்கே?

கீழ் வீட்டில் ஏசி மெக்கானிக் தம்பி இருக்கிறார். அவரிடம் தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் கன் உண்டு. பக்கப் பலகையைக் கழற்றி, சாக்கெட்டுக்கு இடது பக்கம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சின்னக் கறுப்புச் சில்லுகளைக் குறிபார்த்தார். 112 டிகிரி. "அண்ணே, இது மேலேயா கை வச்சுப் பாக்கப் போனீங்க?" என்றார்.

அந்தச் சில்லுகள்தான் விஆர்எம்மின் மாஸ்ஃபெட்டுகள். எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டியிலிருந்து வரும் 12 வோல்ட்டைப் பிராசஸருக்கு வேண்டிய ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கிக் கொடுப்பது அவற்றின் வேலை. 3900எக்ஸ் முழு மூச்சில் ஓடினால் 142 வாட் வரை இழுக்கும். அத்தனை குறைந்த வோல்ட்டில் அது நூறு ஆம்பியரைத் தாண்டிய கரண்ட். என் போர்டில் அவற்றின் மேல் ஒரு துண்டு அலுமினியம்கூட இல்லை. பழைய கூலர் காற்றை மேலிருந்து கீழே போர்டின் மேல் அடித்தது. நான் கேட்காமலே இந்தச் சில்லுகளுக்கும் விசிறிக்கொண்டிருந்தது அதுதான். டவர் கூலர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளிப் பின்னால் அனுப்பிவிடுகிறது. சில்லுகள் வெந்தன. போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிராசஸரின் வேகத்தைக் குறைத்தது.

மூன்று வேலை செய்தேன். பயாஸை (போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் செய்து, மின்சாரத்தைக் குறைத்து ஓட்டும் ஈகோ மோடில் 65 வாட் என்ற அளவுக்கு மாற்றினேன். பெயர் 65 என்றாலும் 88 வாட் வரை இழுக்கும், அதற்கு மேல் போவதில்லை. சூட்டை வாங்கிக் காற்றில் விடும் சின்ன அலுமினிய ஹீட்சிங்குகளை வெப்பம் கடத்தும் டேப்பால் மாஸ்ஃபெட் மேல் ஒட்டினேன். ஓர் 80 மி.மீ. ஃபேனை அவற்றைப் பார்க்கிற மாதிரி கேபிள் டையால் கட்டி, மெதுவாக ஓடவிட்டேன். இப்போது 84 டிகிரி. ரெண்டர் இரண்டு மணி ஐம்பது நிமிஷம். குழந்தை தூங்குகிறது. பிராசஸர் சூட்டை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து

என் கதை சின்னது. புது கேபினட் ஃபேன் இரண்டும் எந்நேரமும் முழு வேகத்தில் கத்தின. விற்ற கடையில் "அப்படித்தான் ஓடும்" என்றார்கள். பார்த்தால் அவை மூன்று பின் ஃபேன்கள். பயாஸில் அந்த ஹெட்டர் (போர்டில் ஃபேனைச் செருகும் இடம்) பிடபிள்யூஎம்மில், அதாவது நாலாவது கம்பி வழியாக வேகம் சொல்லும் முறையில், இருந்தது. மூன்று பின் ஃபேனுக்கு வேகம் சொல்லும் நாலாவது கம்பியே கிடையாது, அதனால் 12 வோல்ட் அப்படியே போகிறது. வோல்ட்டைக் குறைத்தே வேகத்தைக் குறைக்கும் டிசி மோடுக்கு மாற்றினேன், அடங்கிவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை.

காசிமேட்டிலிருந்து

அண்ணே, நான் சர்வீஸ் வேலை செய்கிறேன். எங்கள் பக்கம் தூசியைவிட உப்புக்காற்றுதான் எதிரி. கடலைப் பார்த்த ஜன்னல் ஓரம் வைத்த மெஷினைத் திறந்தால் ஸ்க்ரூ தலை எல்லாம் துரு, ராம் (மெமரி) அட்டையின் பல்லில் மங்கல். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்தால் பாதி மெஷின் உயிர் வந்துவிடும்.

சத்தத்தில் வகை உண்டு. "உஷ்" என்றால் காற்று, வேகத்தைக் குறைத்தால் போகும். "கர கர" என்றால் பேரிங் காய்ந்துவிட்டது, ஃபேனை மாற்றுங்கள். காலையில் ஆன் செய்ததும் கரகரத்து, சூடேறியதும் அடங்கினால் அதுவும் பேரிங்தான். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடும், அப்புறம் எண்ணெய் பிசினாகித் தூசியைப் பிடித்து ஃபேனே நின்றுவிடும். எத்தனை மெஷின் அப்படி வந்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, சாம்பிராணி. வெள்ளிக்கிழமை தவறாமல் புகை போடும் வீட்டில் ஹீட்சிங்கின் தூசி உதிராது, களிம்பாக ஒட்டியிருக்கும். போடுங்கள், அந்த அரை மணி நேரம் கம்ப்யூட்டரை நிறுத்திவிடுங்கள்.

எண்ணூரிலிருந்து

எங்களுக்குக் கரித்தூசியும் சாம்பலும். வெள்ளை டேபிளைக் காலையில் துடைத்தால் சாயங்காலம் விரல் கறுப்பாகும். மூன்று வாரத்தில் ஹீட்சிங் அடைத்து, ஃபேன் ஊளையிடும்.

முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று மட்டும் வெளியே தள்ளும்படி மாற்றினேன். உள்ளே அழுத்தம் கூடுவதால் இடுக்கு வழியாகத் தூசி நுழைவதில்லை, வருவதெல்லாம் ஃபில்டர் வழியாகத்தான் வர வேண்டும். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்தால் போதும். பஞ்சர் கடைக் காற்றில் ஊதி ஒரு போர்டை இழந்தேன். அந்த டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும், காற்றோடு சேர்ந்து தெளிக்கும். சின்ன புளோயரே போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போய்விடும்.

பெரம்பூரிலிருந்து

சத்தம் ஏறி இறங்கினால்தான் எனக்குத் தலைவலி வரும். பிரவுசரில் ஒரு டேப் திறந்தால் "உர்ர்", மூடினால் அடங்கும். பிராசஸர் சூடு நொடியில் 15 டிகிரி எகிறும், ஃபேனும் கூடவே ஓடும். பயாஸில் ஃபேன் ஸ்டெப்-அப் நேரம் என்று ஒன்று உண்டு. கொஞ்சம் தாமதம் கொடுத்தேன், இப்போது சின்ன எகிறலுக்கெல்லாம் ஃபேன் அசைவதில்லை.

இரண்டாவது ஃபேன் போட்டால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று பயப்பட வேண்டாம். ஒரே மாதிரி ஃபேன் இன்னொன்று சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். அதே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் குறையும். ஒன்றை விரட்டுவதைவிட இரண்டை மெதுவாக ஓட்டுவதே மேல்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

ஸ்டெப்-அப் நேரத்தை இன்றைக்கே மாற்றிவிட்டேன், நன்றி. எண்ணூர் நண்பரே, ஃபில்டர் வலை எங்கே வாங்கினீர்கள்? கொசுவலை ஆகுமா?

எண்ணூரிலிருந்து

கொசுவலைக் கண்ணில் சாம்பல் தாராளமாக நுழையும். நான் மெல்லிய நைலான் துணியைத் தையல் கடையில் வெட்டி வாங்கி, ஓரத்தில் காந்தப் பட்டை ஒட்டினேன். ரொம்ப நெருக்கமான துணி எடுக்காதீர்கள், காற்று வராது. வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் உள்ளங்கையில் காற்று தெரிய வேண்டும்.