இத்தாலிய நகைச்சுவைப் படங்கள்: உங்களுக்கு எப்படிப் பழக்கமாயின? அனுபவங்களை எழுதுங்கள்

பலெர்மோவிலிருந்து (முதல் பதிவு)

யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோவுக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. கடந்த 9 ஆண்டுகளாக ஒரே சின்யோராவை, அதாவது ஒரே அம்மாவை, பராமரிக்கிறேன். அவருக்கு 86 வயது, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இரவுச் சாப்பாடு முடிந்து மாத்திரைகளைக் கொடுத்த பிறகு இருவரும் ஒரு படம் பார்ப்போம். சிசிலியப் பேச்சு எனக்குப் புரியாத இடங்களில் படத்தை நிறுத்தச் சொல்லி, வகுப்பில் விளக்குவதைப் போல விளக்குவார். இந்நாட்டு நகைச்சுவைப் படங்களை நான் அப்படித்தான் கற்றேன்.

முதலில் பிஃப் எடுத்த படத்தைச் சொல்ல வேண்டும். பியர்பிரான்செஸ்கோ திலிபெர்தோ என்பது அவருடைய முழுப்பெயர். 1972இல் இதே ஊரில் பிறந்தவர். தொலைக்காட்சியில் பெயர் எடுத்துவிட்டு 2013இல் முதல் படத்தை இயக்கினார். 'மாஃபியா கோடையில் மட்டுமே கொல்கிறது' என்பது அதன் பெயர். அர்த்தூரோ என்ற சிறுவன் தன் வகுப்புத் தோழி ஃப்ளோராவை விரும்புகிறான். பெரியவர்களுக்கோ வீதியில் விழும் பிணங்களைப் பற்றிப் பேச விருப்பமில்லை. யார் கொல்லப்பட்டாலும் 'ஏதோ பெண் விவகாரம்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பையன் அதை அப்படியே நம்பி, பெண்ணை நேசித்தால் சுட்டுவிடுவார்கள் என்று நடுங்குகிறான். மாஃபியா நம்மையும் கொல்லுமா என்று தந்தையிடம் கேட்கிறான். பயப்படாதே, இப்போது குளிர்காலம், அவர்கள் கோடையில்தான் கொல்வார்கள் என்கிறார் தந்தை. படத்தின் பெயர் அங்கிருந்து வந்தது.

அந்த இடத்தில் சின்யோரா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எங்கள் ஊரிலும் சந்தியில் ஒருவரைச் சுட்டுப் போட்டால், 'காரணமில்லாமல் சுடுவார்களா' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திய காலம் ஒன்று இருந்தது. அந்தச் சொற்களை நானே சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. பலெர்மோக்காரர் ஒருவர் தன் சொந்த ஊரின் அந்தப் பழக்கத்தை எடுத்து எல்லோருக்கும் முன்னால் வைத்துச் சிரிக்க வைத்திருக்கிறார். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

படத்தில் வரும் கொலைகள் கற்பனை அல்ல. காவல்துறை அதிகாரி போரிஸ் ஜூலியானோ 1979 ஜூலை 21 காலையில் ஒரு காப்பிக் கடையில் சுடப்பட்டார். படத்தில் அவர் சிறுவன் அர்த்தூரோவுக்கு ரிக்கோத்தா பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த 'இரிஸ்' பண்டம் வாங்கித் தருவார். நீதிபதி ரோக்கோ கின்னிச்சி 1983 ஜூலை 29 அன்று தன் வீட்டு வாசலில் கார் குண்டில் இறந்தார். நான் மருந்து வாங்கப் போகும் வழியில்தான் அந்த வாசல் இருக்கிறது. பல ஆண்டுகள் அந்த நினைவுப் பலகையைக் கடந்து போயும், படம் பார்த்த பிறகுதான் நின்று வாசித்தேன்.

1992க்குப் படம் வந்ததும் சின்யோரா சிரிப்பதை நிறுத்திவிட்டார். அந்த மே மாதம் மாஃபியாவை எதிர்த்த நீதிபதி ஃபல்கோனேயையும், ஜூலையில், தாயைப் பார்க்க வந்த இடத்தில் அவருடைய சக நீதிபதி போர்செல்லினோவையும் கொன்றார்கள். அதன் பிறகு இந்த ஊர்ப் பெண்கள் வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் கண்டன வாசகங்களை எழுதிப் பால்கனிகளில் தொங்கவிட்டார்கள். சின்யோராவும் ஒன்று தொங்கவிட்டாராம். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த விரிப்பு அது. மை போகவே இல்லை என்று அலமாரியைத் திறந்து எடுத்துக் காட்டினார்.

இன்னொன்றையும் எழுதாமல் விட முடியாது. இந்தப் படத்தைப் பலெர்மோவின் வீதிகளில் எடுத்தபோது, மாஃபியாவுக்குக் கொடுக்கும் 'பிட்ஸோ' என்ற கப்பத்தைக் கொடுக்க மாட்டோம் என்று உறுதியாக நின்றார்கள். 2004இல் தொடங்கிய 'அத்தியோபிட்ஸோ' அமைப்பு துணை நின்றது. மாஃபியாவைப் பற்றிய படத்தை மாஃபியாவுக்குக் கப்பம் கட்டி எடுத்திருந்தால் அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள்? 2014இல் இந்தப் படம் சிறந்த நகைச்சுவைக்கான ஐரோப்பியத் திரைப்பட விருதைப் பெற்றது. எனக்கு அந்த விருதைவிடக் கப்பம் கொடுக்காதது பெரிது.

நீங்கள் எந்தப் படத்தை எங்கே பார்த்தீர்கள்? எழுதுங்கள்.


சலேர்னோவிலிருந்து

வணக்கம் அக்கா. நான் திருச்சிக்காரன். சலேர்னோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வு செய்கிறேன். ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கும் மாதத்தில் எங்கள் ஆய்வகத்தில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அப்படி ஒரு மாதத்தில்தான் கூட வேலை செய்யும் இத்தாலிய நண்பன் தன் அறைக்கு அழைத்துப் போய் 'நினைத்தால் நிறுத்திவிடுவேன்' என்ற படத்தைப் போட்டான். 2014இல் வந்தது. இயக்கிய சிட்னி சிபிலியா சலேர்னோக்காரர், அதுவே அவருடைய முதல் முழுநீளப் படம்.

நிதி நின்று வேலையை இழந்த ஒரு நரம்பியல் ஆய்வாளர், தன்னைப் போல நடுத்தெருவில் நிற்கும் மேதைகளைத் திரட்டுகிறார். அவர்களில் வேதியியலாளர் சீன உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். லத்தீன் அறிஞர்கள் இருவர் பெட்ரோல் போடுகிறார்கள். அரசின் தடைப் பட்டியலில் இன்னும் ஏறாத ஒரு மூலக்கூற்றைக் கண்டுபிடித்தால் அது சட்டப்படி போதைப்பொருள் ஆகாது என்று கணக்குப் போட்டு, எல்லோரும் சேர்ந்து அதைத் தயாரித்து விற்கிறார்கள்.

என் நண்பன் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டிய காட்சி ஒன்று உண்டு. மானுடவியலாளர் பழைய கார்களை உடைக்கும் கடைக்கு வேலை கேட்டுப் போகிறார். படித்தவன் என்று தெரிந்தால் வேலை கிடைக்காது என்பதால் பட்டத்தை மறைக்கிறார். ஆனால் வாயைத் திறந்தால் சொற்கள் காட்டிக் கொடுக்கின்றன. படித்ததைக் குற்றத்தைப் போல ஒளிக்க வேண்டியிருக்கிறது. நண்பன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுடைய அண்ணன் முனைவர் பட்டம் பெற்றவர். இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். விண்ணப்பத்தில் பள்ளிப் படிப்பை மட்டும் எழுதித்தான் அந்த வேலையைப் பெற்றாராம்.

அவனே என்னைக் கஸ்தெல்லாபாத்தேக்கும் அழைத்துப் போனான். அக்ரோப்போலியில் ரயிலை விட்டு இறங்கிப் பஸ்ஸில் மலை ஏற வேண்டும். 2010இல் லூக்கா மினியேரோ இயக்கிய 'தெற்குக்கு நல்வரவு' அங்கே எடுக்கப்பட்டது. ஒரு பிரெஞ்சுப் படத்தின் மறு ஆக்கம் என்றாலும் அதற்குள் இருக்கும் காயம் முழுக்க இத்தாலியுடையது. வடக்கில் இருக்கும் அஞ்சலக மேலாளர் ஒருவர் மிலானுக்கு மாற்றல் வாங்குவதற்காக ஊனமுற்றவரைப் போல நடித்து அகப்பட்டுக்கொள்கிறார். தண்டனையாகத் தெற்கே அனுப்பப்படுகிறார். குண்டு துளைக்காத சட்டையை மாட்டிக்கொண்டு வருபவருக்கு, ஊர் முழுக்கக் காப்பி கொடுத்தே பழக்குகிறது. நடித்தவர்கள் வடக்கத்திக்காரரான கிளாவ்தியோ பிசியோவும் நேப்பிள்ஸ்காரரான அலெசாந்த்ரோ சியானியும்.

படத்தில் அஞ்சலகம் இருந்த சதுக்கத்தின் பெயர் 'அக்டோபர் 10, 1123'. கோட்டைக்கு அடிக்கல் நாட்டிய நாள். ஒரு தேதியையே பெயராக வைத்திருக்கிறார்கள்! கடலைப் பார்த்த சுவரில் 'இங்கே யாரும் சாவதில்லை' என்ற வாசகம் பதித்த பலகை இருக்கிறது. நேப்பிள்ஸை ஆண்ட முராத் இந்த ஊரைப் பார்த்துச் சொன்னது அது. நாங்கள் அங்கே நின்றபோது வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம், பெரியவர் முதல் குழந்தை வரை, படத்தின் வசனங்களைச் சொல்லிக்கொண்டே புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தது. அருகில் இருந்த உள்ளூர்ப் பாட்டி ஒருவர் அவர்களுடைய உச்சரிப்பைத் திருத்தினார். அந்தப் பாட்டியின் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்க மாட்டேன்.


மதுரையிலிருந்து

நான் இத்தாலிக்கு வந்ததில்லை. ஆனாலும் என் அனுபவத்தையும் எழுத அனுமதியுங்கள். என் அப்பா 34 ஆண்டுகள் வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்தார். ஆங்கில எழுத்துகளின் துணையோடு கெக்கோ ஸலோனே நடித்த 'குவோ வாதோ?' (எங்கே போகிறேன்?) படத்தைப் பார்த்தபோது, அப்பாவுக்கு உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பெரியவன் ஆனதும் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால் நிரந்தர வேலை என்று பதில் சொல்லும் பையன். வளர்ந்து மாகாண அலுவலகத்தில் வேட்டை, மீன்பிடி உரிமங்களுக்கு முத்திரை குத்துகிறான். மாகாணங்களைக் குறைக்கும்போது, விலகினால் பணம் தருகிறோம் என்கிறார்கள். கையெழுத்துப் போட மறுக்கிறான். நாடு முழுக்க மாற்றல் போட்டு அலைக்கழித்து, கடைசியில் நார்வேயின் பனிக்கு அனுப்புகிறார்கள். அப்போதும் விலகவில்லை.

அவனுக்கு மாற்றல் போடும் அதிகாரியைப் பார்த்து அப்பா கோபப்பட்டார். மாற்றல் உத்தரவு வீட்டுக்கு வரும் நாளை அவர் அறிவார். அவன் அங்கே வரிசையில் நிற்கவும் ஹாரன் அடிக்காமல் இருக்கவும் பழகிவிட்டு, ஊர்ப் பாட்டுக்காரர்களைத் தொலைக்காட்சியில் பார்த்ததும் உடைந்து அழும் இடத்தில் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

2016 ஜனவரி 1 அன்று வெளியான அந்தப் படம் இத்தாலியில் சுமார் 6.5 கோடி யூரோ வசூலித்தது என்று படித்தேன். ஸலோனேயின் உண்மைப் பெயர் லூக்கா மெதிச்சி, பாரி நகரத்துக்காரர். அந்த ஊர் வழக்கில் 'எவ்வளவு பட்டிக்காட்டான்' என்று பொருள்படும் சொல்லைப் பிரித்துத் தனக்குப் பெயராக வைத்துக்கொண்டாராம். அடுத்து எதைப் பார்க்கலாம், சொல்லுங்கள் அக்கா.


ரோமிலிருந்து

நான் தூத்துக்குடியைச் சேர்ந்த அருட்சகோதரி. ரோமில் எங்கள் சபை நடத்தும் பெண்கள் இல்லத்தில் பணி செய்கிறேன். வீட்டில் அடிபட்டு, குழந்தையோடு வந்து கதவைத் தட்டுகிறவர்கள் இங்கே தங்குவார்கள்.

2023 நவம்பரில் அவர்களில் ஆறு பேரை அழைத்துக்கொண்டு பங்குக் கோயிலின் சிறிய திரையரங்குக்குப் போனேன். பாவ்லா கோர்தெல்லெசி முதன்முறையாக இயக்கி, தானே நடித்த 'இன்னும் நாளை இருக்கிறது'. நகைச்சுவை நடிகையின் படம், மனம் லேசாகும் என்று நினைத்து அழைத்துப் போனேன். முதல் காட்சியில் தேலியா என்ற பெண் எழுந்து கணவனுக்குக் காலை வணக்கம் சொல்கிறாள். அவன் பதிலுக்கு அறைகிறான். எனக்கு நெஞ்சு பதறியது. இவர்களை ஏன் இங்கே கொண்டுவந்தேன் என்று பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்தேன். அவள் கையை விலக்கிக்கொண்டு திரையையே பார்த்தாள்.

1946ஆம் ஆண்டின் ரோம், கறுப்பு வெள்ளை. கணவன் தேலியாவை அடிக்கும் ஒரு காட்சியை நடனமாக எடுத்திருக்கிறார். பாட்டு ஒலிக்க இருவரும் சுழல்கிறார்கள், காயங்கள் உடலில் தோன்றி மறைகின்றன. அடி ஒவ்வொன்றையும் காட்டியிருந்தால் எங்கள் பெண்கள் எழுந்து போயிருப்பார்கள். அடிக்கிறவனுக்குத் திரையில் ஒரு கணமும் பெருமை கிடைக்காதபடி அவர் எடுத்திருக்கிறார். அந்தக் காட்சியைப் பற்றி இன்னமும் யோசிக்கிறேன். தேலியாவுக்கு ஒரு கடிதம் வருகிறது. அதில் என்ன இருக்கிறது என்பதை எழுத மாட்டேன், நீங்களே பாருங்கள்.

அந்த நாட்களில் ஜூலியா என்ற 22 வயது மாணவியை முன்னாள் காதலன் கொன்ற செய்தி நாட்டையே உலுக்கியிருந்தது. அரங்கில் ஆண்களும் நிறையப் பேர் இருந்தார்கள். முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அந்த ஆண்டு இத்தாலியத் திரையரங்குகளில் அதிகம் வசூலித்த படம் அதுதான். வரும் வழியில் டிராமில் எங்கள் பெண்களில் ஒருத்தி, கறாரான மாமனாராக வந்தவரைப் போலப் பேசிக் காட்டினாள். அவள் மற்றவர்களைச் சிரிக்க வைத்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.


பலெர்மோவிலிருந்து

சிஸ்டர், உங்கள் பதிவைச் சின்யோராவுக்கு இத்தாலியத்தில் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

மதுரைத் தம்பி, நீங்கள் அடுத்து 'ஓரா லெகாலே' பாருங்கள். 2017இல் வந்தது. எங்கள் ஊர் நகைச்சுவை ஜோடியான சால்வோ ஃபிகார்ராவும் வலெந்தீனோ பிகோனேயும் எழுதி இயக்கி நடித்தது. கடிகாரத்தைக் கோடைக்காலத்துக்கு மாற்றி வைக்கும் நேரத்துக்கு இங்கே அந்தப் பெயர். சட்டம் வரும் வேளை என்றும் கேட்கும். கடலோர ஊர் ஒன்று ஊழல் மேயரைத் தள்ளிவிட்டு நேர்மையான ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கிறது. அவர் சொன்னதைச் செய்யத் தொடங்குகிறார். குப்பையைப் பிரிக்க வேண்டும், கண்ட இடத்தில் கார் நிறுத்தினால் அபராதம், அனுமதியில்லாமல் கட்டியதை இடிக்க வேண்டும். ஊருக்குப் பொறுக்கவில்லை. வாக்களித்தவர்களே அவரை இறக்க வழி தேடுகிறார்கள். உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தா ரோசாலியாவைக் கும்பிடப் பெல்லெக்ரீனோ மலை ஏறும் நம்மவர்களிடம் இந்தப் படத்தைச் சொன்னால், இது எங்கள் ஊர்ச் சபைக் கதை என்று யாராவது தொடங்குவார்கள். மலை இறங்கும் வரை அந்தப் பேச்சு ஓயாது.

இந்த வாரம் ரிக்கார்தோ மிலானி 2024இல் எடுத்த 'தனி உலகம்' பார்க்கப் போகிறோம். அப்ருட்ஸோ மலையில், பிள்ளைகள் போதாமல் மூடப்படவிருக்கும் ஒரு பள்ளிக்கு ரோமிலிருந்து ஓர் ஆசிரியர் போகிறார். அந்த மலையூர்க்காரர்களையே நடிக்க வைத்திருக்கிறார்களாம். சின்யோரா தன் முதல் வேலையை அப்படியொரு மலைப் பள்ளியில்தான் தொடங்கினார். நான் படித்த தீவுப் பள்ளியில் இப்போது மொத்தமே 11 பிள்ளைகள் என்று போன மாதம் என் தங்கை சொன்னாள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.