நாச்சியார்கோயில் குடும்பம் (14 பேர்)

வியாழன், இரவு 9:12

ராஜி அத்தை: ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் தலைத்திவசம். ஐயர் காலை 7 மணிக்கே வந்துவிடுவார். யார் யார் சனிக்கிழமையே வருகிறீர்கள்? இலைக்குச் சொல்ல வேண்டும்.

ராஜி அத்தை: [படம்]

ராஜி அத்தை: அப்புறம் இதைப் பாருங்கள். பெரிய குத்துவிளக்கைப் பரணிலிருந்து இறக்கினால் அன்னம் கழுத்தோடு கையில் வந்துவிட்டது. அப்பா தன் கையால் வார்த்த விளக்கு. படத்துக்கு முன்னால் வேறு எதை ஏற்றுவது?

அம்மா: ஐயோ

ஆனந்த் அண்ணா: யார் இறக்கியது?

ராஜி அத்தை: யார் இறக்கினால் என்ன

ராஜி மாமா: நான்தான்

சேகர் சித்தப்பா: நாங்கள் இரண்டு பேர். அவள் காலையிலேயே கிளம்பி வருகிறாள். எனக்குச் சனிக்கிழமையும் வேலை, இரவு 9 மணிக்கு வந்து சேருவேன்.

அம்மா: நாங்கள் மூன்று பேர். பூண்டு இல்லாத சமையல்தானே?

பிரவீன்: சனிக்கிழமை ராத்திரி 9 மணி உறுதி. வாசலிலேயே மடக்கிவிடலாம். அவன் மேல் இருக்கிற இரும்பை நான் பழுக்கக் காய்ச்சிவிடுகிறேன். கழற்றவே 5 நிமிடம் ஆகும், அதற்குள் உள்ளேயே வெந்துவிடுவான். யாரும் பாவம் பார்க்காதீர்கள்

சேகர் சித்தப்பா: யாரை?

பிரவீன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மது: டேய், எல்லோரும் படித்தாகிவிட்டது

சேகர் சித்தப்பா: சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு அந்த வாசலுக்கு வருவது நான் ஒருத்தன்தான். காலில் கம்பி வைத்திருப்பதும் நான் ஒருத்தன்தான்.

அம்மா: பிரவீன் என்னடா இது

பிரவீன்: சித்தப்பா சத்தியமாக உங்களை இல்லை. குழு மாறிவிட்டது. இது ஆட்டம். நண்பர்களோடு சனிக்கிழமைதோறும் ஆடுவது.

சேகர் சித்தப்பா: கடைசல் இயந்திரத்தை விற்று 11 வருஷம் ஆகிறது. இன்னும் இந்த வீட்டில் அது ஆறவில்லை என்று தெரியும். பிள்ளைகள் வரைக்கும் போய்விட்டதா?

ராஜி அத்தை: சேகர், அதை இப்போது ஆரம்பிக்காதே. இலை எத்தனை?

பிரவீன்: முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் அமெரிக்காவில் வந்தது. திரையில் ஓடும் வீடியோ கேம் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். நடப்பதையெல்லாம் வாயால் சொல்ல வேண்டும், பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். நான் காட்டுச் சாமியார் மாதிரி ஒருவன், டுரூயிட் என்பார்கள். எதிரி தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் போட்ட ஒரு தளபதி. என்னிடம் ஹீட் மெட்டல் என்று ஒரு மந்திரம் இருக்கிறது. 60 அடி தூரத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒரு உலோகப் பொருளைப் பழுக்கக் காய்ச்சலாம். கையில் பிடித்த வாள் என்றால் கீழே போட்டுவிடுவான். போட்டிருக்கிற கவசத்தை என்ன செய்வான்? மந்திரம் ஒரு நிமிடம் நிற்கும், அதாவது பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எட்டு முகப் பகடை இரண்டு உருட்டி அத்தனை புள்ளி அவன் உயிரிலிருந்து கழியும். சராசரி 9. பத்துச் சுற்றுக்கு 90. அதைத்தான் எழுதினேன்.

ஆனந்த் அண்ணா: நீளம்

அம்மா: திவசத்துக்கு முதல் நாள் ராத்திரி பகடையா?

மது: சித்தப்பா, காலில் இருக்கிற கம்பிக்கு ஆபத்தில்லை. கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம்

பிரவீன்: ஆமாம் சித்தப்பா. அது விதியிலேயே இருக்கிறது. உடம்புக்குள் இருப்பதைத் தொட முடியாது.

சேகர் சித்தப்பா: ரொம்ப நன்றி

சித்தி: அவர் சிரிக்கிறார். நீங்கள் பயப்படாதீர்கள்

இரவு 9:48

ராஜி மாமா: பிரவீன், இரும்பைத் தங்கமாக்க மந்திரம் இருக்கிறதா? இன்றைக்குப் பவுன் விலை பார்த்தாயா?

பிரவீன்: ஒன்றுமில்லாததிலிருந்து பொருளை வரவழைக்க கிரியேஷன் என்று ஒன்று இருக்கிறது மாமா. ஆனால் கல் என்றால் 12 மணி நேரம் இருக்கும், தங்கம் வெள்ளி ஒரு மணி நேரம்தான். அப்புறம் மறைந்துவிடும்.

ராஜி மாமா: ஒரு மணி நேரம் தாராளம். அடகுக்கடைக்கு நடந்தே போகலாம்

மது: மாமா

ராஜி அத்தை: நாம் சீட்டுக் கட்டிய நகைக்கடைக்காரன் அந்த மந்திரம் படித்தவன்தான். கடையே மறைந்துவிட்டது

அம்மா: அண்ணி உங்களுக்குப் பாதி வந்ததா?

ராஜி அத்தை: எங்கே

ராஜி அத்தை: விளக்கைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை

மது: அத்தை, அதற்கும் மந்திரம் வைத்திருக்கிறான். கேளுங்கள்

பிரவீன்: இருக்கிறது. மெண்டிங். இருப்பதிலேயே சின்ன மந்திரம், எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். இரண்டு காந்தக்கல் வேண்டும், ஒரு நிமிடம் ஆகும். உடைப்பு ஒரு அடிக்குள் இருந்தால் போதும். அறுந்த சங்கிலிக் கண்ணி, முறிந்த சாவி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுப் போட்ட தடமே தெரியாது.

பெரியப்பா: தடமே தெரியாதா?

ஆனந்த் அண்ணா: அப்பா முழித்திருக்கிறார்

பெரியப்பா: எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிரவீன், கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாய். சரி, விற்று முடி. அந்தத் தளபதி போட்டிருப்பது இரும்பு. பித்தளையாக இருந்தால் உன் மந்திரம் என்ன செய்யும்?

பிரவீன்: எந்த உலோகமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் பெரியப்பா. பகடை இரண்டு.

பெரியப்பா: அங்கேயே தப்பு. இரும்பு 1,500 டிகிரி தாண்டித்தான் உருகும். பழுத்தாலும் நின்று அடி வாங்கும். பித்தளை 900 சொச்சத்திலேயே உருகிவிடும். அதிலும் வார்ப்புப் பித்தளையைப் பழுக்க வைத்து ஒரு தட்டுத் தட்டினால் வளையாது, ரஸ்க் மாதிரி விண்டுபோகும். உன் தளபதி வேக மாட்டான். நாலு அடி எடுத்து வைத்தால் கவசம்தான் துண்டு துண்டாகக் கீழே விழும்.

பிரவீன்: இதை நான் கதையை நடத்துபவரிடம் சொல்லட்டுமா?

பெரியப்பா: இன்னொன்று. உருக்கும்போது சூடு கூடினால் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாகக் கிளம்பும். பஞ்சு பறக்கிற மாதிரி மூக்கு மீசையெல்லாம் படியும். பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி குளிர்காய்ச்சல் தூக்கிப் போடும், காலையில் எழுந்தால் போயிருக்கும். மூன்று நாள் வார்ப்பு இருந்தால் அப்பா முதல் நாள் மட்டும்தான் என்னை மூசை பக்கம் விடுவார். மற்ற நாள் அவரே நிற்பார்.

அம்மா: மாமாவுக்கு அந்த இருமல் கடைசி வரை இருந்தது

ராஜி அத்தை: ம்

இரவு 10:20

ராஜி மாமா: [முன்னனுப்பப்பட்டது] செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் குடித்தால் கிடைக்கும் 21 நன்மைகள்

மது: மாமா நாலாவது தடவை

பெரியப்பா: பிரவீன், காய்ச்சுவது சரி. வளைப்பதற்கு என்ன இருக்கிறது? காய்ச்சினால் மட்டும் உருவம் வந்துவிடுமா?

பிரவீன்: நல்ல கேள்வி பெரியப்பா. கல்லைக் களிமண் மாதிரிப் பிசைய மந்திரம் இருக்கிறது. மரத்துக்கும் பழைய பதிப்பில் இருந்தது. உலோகத்தை அப்படிப் பிசைய மட்டும் 2014-இல் வந்த அடிப்படை நூலில் மந்திரம் கிடையாது. அதற்குப் பதில் ஃபேப்ரிகேட் என்று ஒன்று. மூலப்பொருளைக் குவித்து வைத்து 10 நிமிடம் மந்திரம் சொன்னால் அதே பொருளில் சாமானாக வந்துவிடும். மரம் என்றால் 10 அடி வரைக்கும் பெரிதாகச் செய்யலாம், உலோகம் என்றால் 5 அடிதான். எங்கள் குழுவில் ஒரு மந்திரவாதி இருக்கிறான். முழுக் கவசம் கடையில் 1,500 பொற்காசு. கையால் செய்தால் ஒரு நாளைக்கு 5 பொற்காசு மதிப்புக்குத்தான் வேலை நகரும், ஆகவே 300 நாள். மந்திரத்தில் பத்தே நிமிடம்! ஆசைப்பட்டு 750 பொற்காசுக்கு இரும்பு வாங்கிக் குவித்துவிட்டோம்.

ஆனந்த் அண்ணா: நீளம் 2

பெரியப்பா: வந்ததா?

பிரவீன்: வரவில்லை.

பெரியப்பா: ஏன்?

பிரவீன்: நுட்பமான வேலை என்றால் அந்தத் தொழிலின் கருவி அவனுக்குப் பழகியிருக்க வேண்டுமாம். ஆணி அடிக்கலாம், கம்பி செய்யலாம். கவசம், வாள், நகை, கண்ணாடி எல்லாம் தொழில் தெரியாதவன் மந்திரம் சொன்னால் வராது. விதியை முழுதாகப் படிக்காமல் விட்டுவிட்டோம்.

பெரியப்பா தட்டச்சு செய்கிறார்...

மது: ஐந்து நிமிடமாக இதுவே காட்டுகிறது

பெரியப்பா: அந்த ஆட்டத்தை எழுதியவன் பட்டறை பார்த்தவன்

பிரவீன்: இப்போது அவன் கொல்லர் தொழில் பழகுகிறான் பெரியப்பா. ஆசானிடம் 250 நாள், நாளுக்கு ஒரு பொற்காசு கூலி.

பெரியப்பா: 250 நாளா? நீ சொன்ன அந்த 1974-இல் நான் எட்டாவது படித்துக்கொண்டு சாயங்காலம் பட்டறைக்குப் போவேன். துருத்தியை விட்டு வேறு எதையும் தொட விடாமல் இரண்டு வருஷம் வைத்திருந்தார். அப்புறம் வண்டல் சலிக்க ஒரு வருஷம். அச்சுமண்ணைப் பிடித்து உள்ளங்கையில் அமுக்கித் திறந்தால் ரேகை பதிந்திருக்க வேண்டும், உடைத்தால் கூராக உடைய வேண்டும். அது வந்தால்தான் காவிரி மண் பக்குவம். கூலியும் தரவில்லை, காசும் வாங்கவில்லை. அடிதான்.

சேகர் சித்தப்பா: எனக்கு அடியும் கிடைக்கவில்லை. நீ படி, இந்தப் புகை உனக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அதையும் யாராவது ஒருநாள் சொல்லலாம்

ராஜி அத்தை: சேகர்

சேகர் சித்தப்பா: இல்லை அக்கா, பட்டறையைப் பூட்டியது நான் இல்லை. பூட்டி மூன்று வருஷம் கழித்துத் துரு ஏறிக்கிடந்ததைத்தான் விற்றேன். பணம் மூன்று பங்காகத்தான் போனது. இந்தக் குழுவிலேயே கணக்குப் போட்டேன்

ஆனந்த் அண்ணா: அந்தக் குழு வேறு சித்தப்பா. அதை விட்டுத்தான் எல்லோரும் வெளியே போனார்களே

மது: இப்போது யார் பொடி வைத்து ஊதுகிறார்கள் பாருங்கள்

அம்மா: விளக்கு விஷயம் பேசுங்கள்

பெரியப்பா: ராஜி, படம் தெளிவாக இல்லை. உடைந்த இடத்தைக் கிட்டத்தில் எடு. முறிவு பளபள என்று மஞ்சளாக இருக்கிறதா, நடுவில் கறுப்பாகத் துளை இருக்கிறதா?

ராஜி அத்தை: [படம்]

பெரியப்பா: துளை இருக்கிறது. வார்க்கும்போது காற்று மாட்டியிருக்கிறது. இத்தனை வருஷம் நின்றதே பெரிது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே உடைத்து மறுபடி உருக்கியிருப்பார்.

ராஜி மாமா: அப்படியானால் என் தப்பு இல்லை

ராஜி அத்தை: கடைத்தெருவில் கொடுத்தால் புது அன்னம் போட்டுத் தருகிறார்களாம். நாளைக்கே

பெரியப்பா: மரை சேராது. அப்பா போட்ட மரை அவர் கணக்கு. கீழ்த் தண்டையும் கடைவார்கள். வேண்டாம். வெங்காரம் வைத்துப் பற்றவைக்கலாம். பற்றவைக்கிற பித்தளைப் பொடியில் துத்தநாகம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொடி முதலில் இளகும், கழுத்து இளகாது. ஈயத்தில் ஒட்டினால் வெள்ளையாகப் பல்லைக் காட்டும், சூட்டில் விட்டும் போகும்.

பிரவீன்: பெரியப்பா, நானே வெள்ளிக்கிழமை வந்துவிடட்டுமா? கேஸ் டார்ச் ஒன்று வாங்கி வருகிறேன். வெங்காரம் எங்கே கிடைக்கும்?

பெரியப்பா: நாட்டு மருந்துக் கடையில். கண் கூசாமல் பார்க்கத் தெரியுமா உனக்கு? தழல் நிறம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு நொடி கூடினால் அன்னத்தின் மூக்கு ஒழுகிவிடும்.

மது: அவனுக்குப் பகடை உருட்டத் தெரியும்

அம்மா: அண்ணா, உங்களுக்குப் போன மாதம்தானே கண் ஆபரேஷன் ஆனது. நெருப்புப் பக்கமே போகக்கூடாது என்றார்களே

ஆனந்த் அண்ணா: அப்பா வேண்டாம்

பெரியப்பா: நான் சொல்கிறேன், அவன் பிடிக்கட்டும். தட்டி நிமிர்த்த அடைகல் இல்லை, அதுதான் யோசனை.

சித்தி: அடைகல் எங்கள் வீட்டில் இருக்கிறதே

ராஜி அத்தை: என்ன?

சித்தி: அதை மட்டும் இவர் விற்கவில்லை. வாஷிங்மெஷின் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறது

சேகர் சித்தப்பா: நீ எதற்கு இப்போது

பெரியப்பா: வாஷிங்மெஷினுக்கா

மது: தாத்தா அடைகல் வாஷிங்மெஷினுக்கு

இரவு 10:57

சேகர் சித்தப்பா: கொண்டுவருகிறேன். ஆனால் அது 20 கிலோ இருக்கும். பஸ்ஸில் எப்படி என்று தெரியவில்லை. காலில் கம்பி வேறு

பிரவீன்: சித்தப்பா, நாளைக்கு வரும்போது திருப்பூர் வழியாகக் காரில் வந்து நானே எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா: லீவு கிடைக்குமா உனக்கு? முதலில் அதைக் கேள்

பிரவீன்: கேட்க வேண்டும்.

சித்தி: அப்போது மெஷினுக்கு என்ன வைப்பது?

ராஜி மாமா: நாளைக் காலை நான் எதற்கும் கடைத்தெருவில் விசாரித்து வைக்கிறேன்

பெரியப்பா: வேண்டாம் என்றேனே

ராஜி மாமா: விசாரிக்கத்தான்

ராஜி அத்தை: இலை எத்தனை என்று இன்னும் ஒருத்தரும் சொல்லி முடிக்கவில்லை. நான் 30 சொல்லிவிடுகிறேன்

ஆனந்த் அண்ணா: நான் வீடியோவில். எனக்கு இலை வேண்டாம்

பெரியப்பா: பிரவீன், உன் தளபதியின் கவசம் என்ன உலோகம் என்று சரியாகக் கேட்டுவை

பிரவீன்: சனிக்கிழமை ஆட்டத்தை ரத்து செய்யச் சொல்கிறார்கள் அம்மா

பெரியப்பா: கேட்டுவை