தாய்ப்பால் குறையும்போது பசும்பால் எவ்வளவு கொடுப்பது?

அம்மாக்களே, ஒரு சந்தேகம். மகளுக்கு ஒன்றேகால் வயது. நான் வேலைக்குத் திரும்பிய பிறகு தாய்ப்பால் தானாகவே குறைந்துகொண்டு வருகிறது. இப்போது காலையில் எழுந்ததும், இரவு தூங்கப் போகும்போதும் மட்டும்தான். இடையில் பசும்பால் எவ்வளவு கொடுக்கலாம்?

மாமியார் வேளைக்கு ஒரு டம்ளர் என்கிறார். குழந்தைகள் டாக்டரோ, நாளைக்கு 400, மிஞ்சிப் போனால் 500 மில்லி போதும், அதற்கு மேல் போனால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. வயிறு முட்டப் பால் குடித்த நாளில் பருப்பு சாதத்தைப் பார்த்தாலே உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள். ஆனால் அந்த 400இல் தாய்ப்பாலும் சேர்த்தியா? அதை எப்படி அளப்பது? கேட்க நினைத்தேன், அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தயிர் என்றால் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுவாள். ராகிக் கூழும் பிடிக்கும். இவை இரண்டும் தினமும் உள்ளே போனால், பாலை 200 மில்லியோடு நிறுத்தினாலும் கால்சியம் போதுமா? (மாமியார் ராகியைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார், அது வேறு கதை.)

அப்புறம், ஆவின் பால் பாக்கெட்டில் நீலமா, பச்சையா, கொழுப்பு அதிகமுள்ள ஆரஞ்சா? இரண்டு வயது வரை கொழுப்பு எடுக்காத பால்தான் நல்லது என்கிறார்கள். ஆரஞ்சு பாக்கெட் இந்த வயதில் செரிக்குமா? மலச்சிக்கல் வந்ததா? தண்ணீர் கலக்காமல் கொடுத்தவர்கள் சொல்லுங்கள்.