போலீஸ் கெடுவுக்குள்ள குற்றப்பத்திரிகை போடலன்னா கிடைக்கிற ஜாமீனை டிஃபால்ட் பெயில்னு சொல்றாங்களே, அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

> தானா கிடைக்கிற ஜாமீன்தானே, தானியங்கிப் பிணைன்னே வச்சிரலாம்

அண்ணே வணக்கம், இது தானா கிடைக்கிறதே இல்ல, அங்கதான் எனக்கு இடிக்குது. 60 நாளோ 90 நாளோ ஆகியும் போலீஸ் குற்றப்பத்திரிகை போடலன்னா உள்ள இருக்கிறவர் மனு போட்டுக் கேக்கணும், ஜாமீன்தாரரை நிறுத்தணும், கேக்கிறதுக்கு முன்னாடியே குற்றப்பத்திரிகை வந்துட்டா அந்த உரிமை போச்சு. தானியங்கின்னு பேர் வச்சா வீட்டுல உள்ளவங்க, நாள் முடிஞ்சா விட்டுருவாங்கன்னு நம்பி சும்மா இருந்துருவாங்க.

இன்னொருத்தர் சொன்ன "காலக்கெடுப் பிணை"யும் வேணாம். கொரோனா சமயத்தை நினைச்சுப் பாருங்க. 2020 மார்ச் 23 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் ஜெயில் நெரிசலைக் குறைக்க மாநிலத்துக்கு ஒரு உயர்மட்டக் குழு போடச் சொல்லி, யார் யாரை பரோல்லயோ இடைக்கால ஜாமீன்லயோ விடலாம்னு பாக்கச் சொன்னது. அது நாள் முடிஞ்சா திரும்பி வரவேண்டிய ஜாமீன், காலக்கெடுப் பிணைன்னா படிக்கிறவங்களுக்கு அதுதான் தோணும்.

அதே நாள் இன்னொரு உத்தரவுல மனு, அப்பீல் போடுற கெடுவை மார்ச் 15ல இருந்து நீட்டிச்சாங்க. போலீஸ் தரப்பு அதைப் பிடிச்சுக்கிட்டு, குற்றப்பத்திரிகைக்கும் கெடு ஓடலன்னு வாதாடுனாங்க. ஹைகோர்ட்டோட மதுரைக் கிளையிலயே மே மாசம் சில நாள் இடைவெளியில ஒரு நீதிபதி ஜாமீன் குடுத்தார், இன்னொருத்தர் மறுத்தார். ஜூன் 19 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட், ஜாமீன் குடுத்ததுதான் சரி, ஊரடங்குலயும் மாஜிஸ்திரேட்கிட்ட குற்றப்பத்திரிகை போட முடியும், ஒருத்தரோட சுதந்திரத்தை இதைச் சொல்லி நிறுத்திவைக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. ஜெயில்ல சொந்தக்காரங்க நேர்ல வந்து பாக்கிறதுகூட நின்னுபோன நேரம் அது, பெத்தவங்க முகத்தைக்கூடப் பாக்க முடியாம உள்ள கிடந்தவங்களுக்கு அந்த ஒரு வழிதான் இருந்துச்சு. அதையும் அடைக்கப் பாத்தது எனக்கு இன்னும் ஆறல. அதனால உரிமைங்கிறது பேர்லயே தெரியணும், "உரிமைப் பிணை"ன்னு வைப்போம்.

> உரிமைப் பிணைன்னு வைப்போம்

தம்பி, பாதி சரி. ஜாமீன்ல விடக்கூடிய குற்றம்னு சட்டத்துல ஒரு வகை இருக்கே, அதுலயும் பிணை உரிமைதான், ஸ்டேஷன்லயே கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிருவாங்க. ரெண்டுக்கும் ஒரே பேர் வந்தா வக்கீல் குமாஸ்தாவே குழம்பிருவார். நீ சொன்ன தீர்ப்புலயே வழி இருக்கு பாரு, கெடு தவறுனது போலீஸு, அதனால உரிமை வந்தது உள்ள இருக்கிறவருக்கு, ரெண்டையும் சேத்து "கெடுவுரிமைப் பிணை"ன்னு போடலாம். மனுவுல "கெடுவுரிமைப் பிணை கோரி"ன்னு எழுதிப் பாத்தேன், நல்லாவே உக்காருது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட (CrPC) 167(2) பிரிவுக்கும், அதுக்குப் பதிலா இப்ப வந்த BNSS சட்டத்தோட 187(3) பிரிவுக்கும் இதே சொல் பொருந்தும். கோர்ட்டுக்குப் போற தங்கச்சிங்க ரெண்டு பேர் இங்க இருக்கீங்களே, உங்க மனுவுல ஒருதரம் போட்டுப் பாத்து சொல்லுங்கம்மா.