தள்ளிவைக்கும் வழுவுக்கு ‘வழுவெச்சம்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

‘இந்த வெளியீட்டில் திருத்த நேரமில்லை, அடுத்ததில் பார்த்துக்கொள்வோம்’ என்று ஒதுக்கும் மென்பொருள் வழுக்களை (bug, நிரலில் உள்ள பிழை) தமிழில் எப்படி அழைக்கலாம் என்ற பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன: நிலுவை வழு, ஒத்திவைத்த வழு, வழுவமைதி.

நிலுவை வழு எனக்குச் சரியாகப் படவில்லை. திருத்தப்படாத எல்லாமே நிலுவைதான். நேற்று வந்து இன்னும் யாரும் திறந்துகூடப் பார்க்காத வழுவும் அதில் சேரும். பார்த்து, எடைபோட்டு, தெரிந்தே தள்ளினோம் என்ற முடிவு அந்தச் சொல்லில் இல்லை. ஒத்திவைத்தலில் முடிவு இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே ‘தேதி குறிப்பிடாமல்’ என்ற அடைமொழி கூடவே காதில் விழுகிறது.

வழுவமைதியைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனேன், உண்மை. வழு என்ற சொல்லையே இலக்கணத்திலிருந்துதானே எடுத்தோம், அதன் தம்பியையும் அழைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. பிறகுதான் உறுத்தியது. பசு வருவதைக் கண்டு ‘என் அம்மை வந்தாள்’ என்றால் அது திணை வழு. உவப்பினால் சொன்னதால் வழுவமைதி. அந்த வாக்கியத்தை நாளை யாரும் திருத்தப்போவதில்லை. குறை என்று தெரிந்தும் காரணம் கருதி அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் வழுப் பதிவேட்டில் ‘திருத்தப்போவதில்லை’ என்று பொருள்படும் அடையாளம் ஒன்று உண்டு. வழுவமைதி அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். அங்கே வைத்துக்கொள்வோம்; இங்கே வீணாக்க வேண்டாம்.

என் முன்மொழிவு: வழுவெச்சம். ‘படித்து’ என்ற வினையெச்சம் தனியாக நின்றால் பொருள் முடிவதில்லை. ஒரு வினைமுற்றை எதிர்பார்த்தே நிற்கிறது. தள்ளிவைத்த வழுவும் அப்படித்தான் ஒரு வெளியீட்டு எண்ணை எதிர்பார்த்து நிற்க வேண்டும். எண் எழுதாமல் எதையும் வழுவெச்சம் என்று குறிக்கக் கூடாது என்ற விதியையும் இந்தச் சொல்லோடு சேர்த்தே முன்மொழிகிறேன். ‘எச்சமாக்கு’ என்று வினையாகவும் வரும். பறவை எச்சம் நினைவுக்கு வருகிறதே என்று ஒரு நண்பர் தனிமடலில் சிரித்தார். பள்ளியில் பெயரெச்சம் படித்தபோது நாம் யாரும் மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லையே!

எவற்றையெல்லாம் எச்சமாக்கலாம் என்பதில்தான் எனக்குக் கவலை. டெபியனில் ஏழு கடுமை நிலைகள் உண்டு; மேலே உள்ள மூன்று மட்டுமே வெளியீட்டைத் தடுக்கும். மொழிபெயர்ப்புக் குறைகள் பெரும்பாலும் கீழ்நிலைகளில்தான் விழுகின்றன, அதில் நியாயமும் இருக்கிறது. மூலச் சரம், அதாவது திரையில் தோன்றும் மூல மொழி வாசகம், மாறினால் கெட்டெக்ஸ்ட் (gettext) என்ற மொழிபெயர்ப்புக் கருவிகள் பழைய பெயர்ப்பை ஐயத்துக்குரியது என்று குறித்துவைக்கும். தொகுக்கும்போது அதை விட்டுவிடும். பயனர் அந்த இடத்தில் மூல மொழியைப் பார்ப்பார். அசிங்கம்தான், ஆனால் எதுவும் உடையாது. நிரல்வரியைத் தொடாமல் பெயர்ப்புக் கோப்பை மட்டும் அடுத்த சிறு வெளியீட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ‘மொழிபெயர்ப்புதானே’ என்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளவும் முடியாது. தமிழ் வாக்கிய அமைப்புக்காக, மதிப்பு வந்து நிரம்பும் இடக்குறிகளை முன்பின்னாக மாற்றுகிறோம். வரிசை எண் கொடுக்காமல் மாற்றிவிட்டால் எண் வரவேண்டிய இடத்தில் சொல் வந்து நிரலே விழுந்துவிடக்கூடும். அதேபோல், கோப்பை அழிக்கும் முன் கேட்கும் பெட்டியில் ஒரு பொத்தானில் ‘நீக்கு’, அடுத்ததில் ‘விலக்கு’ என்று இருந்தால் எதை அழுத்துவது? இரண்டையும் நான் தடுப்பு வழு என்றே குறிப்பேன், எச்சமாக்க விடமாட்டேன்.

பெயர்க்காமல் விட்ட சரங்களுக்குப் ‘பெயர்ப்பெச்சம்’ என்று தனிச்சொல் வேண்டுமா என்று தெரியவில்லை. நாக்கு தடுக்குகிறது. வழுவெச்சத்திலேயே அடக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

சர உறைவுக்குப் பிறகு, அதாவது வெளியீட்டுக்கு முன் வாசகங்களை இனி மாற்றக் கூடாது என்று நிறுத்தியபின், நம் வழுப் பதிவேட்டின் பொத்தான் பெயர்களையும் மாற்ற முடியாது. அதற்குள் முடிவெடுக்காவிட்டால் இந்தச் சொல்லையே அடுத்த வெளியீட்டு எண் போட்டு எச்சமாக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்.