பத்து டாலர் காசோலையும் பாதிக் காசோலையும்: விலைச் சதி வழக்குகளில் நம் அனுபவங்கள்

எடிசன்வாசி, நியூஜெர்சி

2014இல் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 1998 தொடக்கத்திலிருந்து 2002 இறுதி வரை, டிராம் (DRAM) எனும் நினைவகச் சில்லு உள்ள கணினி, பிரிண்டர், வீடியோ கேம் பெட்டி எதையாவது வாங்கியிருந்தால் உங்களுக்குப் பணம் உண்டு என்றது. ரசீது தேவையில்லையாம். ரசீது கேட்காமல் பணம் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. என் மனைவிதான் வழக்கின் பெயரைத் தேடிப் பார்த்து, வட கலிபோர்னிய கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடக்கும் உண்மையான வழக்கு என்று உறுதிசெய்தார்.

பிறகு நானும் தோண்டினேன். நினைவகச் சில்லு தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் பேசி விலையை நிர்ணயித்ததாக அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகம் விசாரித்திருக்கிறது. இன்ஃபினியான் 16 கோடி டாலர், ஹைனிக்ஸ் 18.5 கோடி, சாம்சங் 30 கோடி, எல்பிடா 8.4 கோடி என்று 2004க்கும் 2006க்கும் இடையில் ஒவ்வொன்றாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டின. அந்த அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போனது. கடையில் வாங்கிய நம்மைப் போன்ற எல்லோர் சார்பிலும் ஒன்றாக நடந்த கூட்டு வழக்கில் சமரசத் தொகை தனியாக 31 கோடி டாலர்.

படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு அதை மறந்தே போனேன். நெடுநாள் கழித்து, குறைந்தபட்சத் தொகையான பத்து டாலருக்குக் காசோலை வந்தது. சிரிக்காதீர்கள், அதை வங்கியில் போட்டுவிட்டேன்.

எனக்குப் புரியாதது வேறொன்று. எல்.சி.டி. திரைக்கும் இதேபோன்ற வழக்கு நடந்தது. சமரசத் தொகை 108 கோடி டாலர். அந்த ஆண்டுகளில் மானிட்டரும் மடிக்கணினியும் தொலைக்காட்சியும் வாங்கியவன் நான். ஆனால் நியூஜெர்சியில் வாங்கியதால் தகுதியில்லை என்று பதில் வந்தது. அதே சதி, அதே நாடு, பிறகு ஏன் இப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

முன்னாள் சட்ட உதவியாளர், சான் பிரான்சிஸ்கோ

எடிசன்வாசி அவர்களே, நான் சில ஆண்டுகள் இத்தகைய வழக்குகளில் வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆவணம் புரட்டியவள். உங்கள் கேள்விக்கான பதில் 1977இல் இருக்கிறது. கான்கிரீட் கற்களின் விலையைத் தயாரிப்பாளர்கள் கூடிப் பேசி ஏற்றினார்கள் என்று இல்லினாய் மாநிலம் வழக்குப் போட்டது. கற்களை நேரடியாக வாங்கியவர்கள் கொத்து வேலை ஒப்பந்தக்காரர்கள். மாநிலம் வாங்கியதோ அவர்கள் கட்டிக்கொடுத்த கட்டடத்தை. தயாரிப்பாளரிடம் நேரடியாக வாங்கியவருக்கு மட்டுமே கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்கும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழியில் எத்தனை கை மாறியது, ஒவ்வொருவரும் எவ்வளவு சுமையை அடுத்தவர் தலையில் ஏற்றினார்கள் என்று கணக்குப் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல என்பது வாதம்.

இதனால்தான் ஒரே சதிக்கு இரண்டு வழக்குகள் நடக்கின்றன. கணினி நிறுவனம் நேரடி வாங்குநர். அது கூட்டாட்சிச் சட்டப்படி மும்மடங்கு இழப்பீடு கேட்கலாம். நீங்களும் நானும் மறைமுக வாங்குநர்கள். நம் மாநிலம் தனிச் சட்டம் மூலம் அந்த உரிமையைத் திருப்பித் தந்திருந்தால்தான் நமக்கு வழி. கலிபோர்னியா தந்தது. நியூஜெர்சி அப்போது தரவில்லை. எல்.சி.டி. சமரசம் 24 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் மட்டும் பொருந்தியது அதனால்தான். டிராம் வழக்கில் பல மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களும் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்கள்) சேர்ந்திருந்ததால் சமரசம் நாடு முழுவதையும் எட்டியது. உங்களுக்குப் பத்து டாலர் வந்ததும் அப்படித்தான்.

எல்.சி.டி. ஆவணங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திரைத் தயாரிப்பாளர்கள் தைவானின் தைப்பே நகர ஓட்டல்களில் ஏறக்குறைய மாதம் ஒருமுறை கூடியிருக்கிறார்கள். அந்தக் கூட்டங்களுக்கு ‘கிரிஸ்டல்’ என்று பெயரும் வைத்திருந்தார்கள்! விலை, உற்பத்தி அளவு எல்லாவற்றையும் குறிப்பெடுத்து வைத்தவர்கள், அதே குறிப்புகள் தங்களைக் கூண்டில் ஏற்றும் என்று நினைக்கவில்லை போலும். எல்ஜி டிஸ்ப்ளே 2008இல் 40 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. ஏயூ ஆப்ட்ரானிக்ஸ் விசாரணையை எதிர்கொண்டு தோற்று, 2012இல் 50 கோடி டாலர் அபராதம் வாங்கிக்கொண்டது.

பலகை ஒட்டுபவன், மில்பிடாஸ்

சட்ட உதவியாளர் அம்மா சொன்னது முழுக்க உண்மை. இன்னொரு பக்கத்திலிருந்து நான் பார்த்ததை எழுதுகிறேன். எங்களுடையது மின்சுற்றுப் பலகை தயாரிக்கும் சிறு தொழிற்கூடம். மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் என்ற சிறு பாகம் எங்களுக்குத் தினசரிச் செலவு.

கெப்பாசிட்டர் ஒன்றின் விலை சில சென்டுகள்தான். அதில் ஒரு சென்ட் கூடினால் யார் கவனிப்பார்கள்? ஒரு பலகையில் நூற்றுக்கணக்கில் ஒட்டுகிறோம், அத்தகைய பலகைகள் ஆயிரக்கணக்கில் போகின்றன. அந்த ஒரு சென்டில்தான் எங்கள் லாபம் கரைந்தது. வெவ்வேறு தயாரிப்பாளர்களின் விலை உயர்வுக் கடிதங்கள் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் வந்த காலம் உண்டு. மூலப்பொருள் விலை ஏறிவிட்டது என்று எல்லாக் கடிதமும் ஒரே காரணத்தைச் சொன்னது. கெப்பாசிட்டருக்குப் பயன்படும் டான்டலம் உண்மையிலேயே விலை ஏறக்கூடிய உலோகம், ஆகவே சந்தேகப்படவும் இடமில்லை. வேறு தயாரிப்பாளருக்கு மாறலாம் என்றால் புதிய பாகத்தைச் சோதித்து வாடிக்கையாளரின் ஒப்புதல் பெற மாதக்கணக்கில் ஆகும். அது அவர்களுக்கும் தெரியும்.

பின்னர் வழக்கு வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ விசாரித்தார். அலுமினியம், டான்டலம், ஃபிலிம் கெப்பாசிட்டர் எல்லாம் அதில் அடங்கின. என்இசி டோக்கின் 2015இலும், நிப்பான் கெமிகான் 2018இலும் குற்ற வழக்கில் ஒப்புக்கொண்டன. இரண்டாவது நிறுவனத்துக்கு அபராதம் 6 கோடி டாலர். அதே 2018இல் ஐரோப்பிய ஆணையம் எட்டு ஜப்பானிய நிறுவனங்களுக்கு 25.4 கோடி யூரோ அபராதம் விதித்தது. நேரடி வாங்குநர்களின் சிவில் வழக்கு 2020 மார்ச்சில் நடுவர் குழு (ஜூரி) முன் தொடங்கி, கொரோனாவால் நின்று, 2021 இறுதியில் மீண்டும் நடந்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே நிப்பான் கெமிகான் 16 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. நேரடி வாங்குநர்களுக்கான மொத்தத் தொகை 60 கோடி டாலரைத் தாண்டியது.

எங்களுக்கு அனுப்பிய படிவத்தில், தயாரிப்பாளரின் விற்பனைப் பதிவுகளின்படி நாங்கள் வாங்கிய தொகை ஏற்கெனவே அச்சாகியிருந்தது. மகிழ்ச்சியோடு எங்கள் கொள்முதல் கணக்கை எடுத்து ஒப்பிட்டேன். பாதிகூட இல்லை! பெரும்பாலானவற்றை நாங்கள் விநியோகஸ்தர் மூலம் வாங்கியிருந்தோம். அந்தப் பதிவுகள் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிட்டன. அதே பாகம், அதே பெட்டி, அதே முத்திரை. பில் போட்டவர் வேறு, அவ்வளவுதான். அந்தப் பாதிக்கு நேரடி வாங்குநர் என்று பணம் பெறும் தகுதி விநியோகஸ்தருக்குத்தான். அவர் அந்த விலையேற்றத்தைத் தன் லாபத்தோடு சேர்த்து எங்களிடம் வசூலித்தவர். கான்கிரீட் கல் தீர்ப்பு எளிமையானது என்று சட்டம் படித்தவர்கள் சொல்லலாம். எனக்கு அது நியாயமாகத் தெரியவில்லை.

இருந்தாலும் வந்த தொகை சிறிதல்ல. பழைய பில்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். அச்சாகி வந்த எண் குறைவாக இருந்தால், எதிர்த்து ஆதாரம் அனுப்ப உரிமை உண்டு. ஒரு தயாரிப்பாளரின் கணக்கில் நான் அப்படிச் செய்து திருத்தி வாங்கினேன்.

பாஸ்டன் பக்கத்துப் பாட்டி

என் கதை தலைகீழ். எல்.சி.டி. பட்டியலில் எங்கள் மாசசூசெட்ஸ் இருந்தது. பழைய கனமான டியூப் தொலைக்காட்சிக்கான வழக்கில் இல்லை. 1995 மார்ச்சிலிருந்து 2007 நவம்பர் வரை வாங்கிய டியூப் திரைகளுக்கு சுமார் 57.6 கோடி டாலர் சமரசம். 2016இல் நீதிபதி ஜான் டைகர் ஒப்புதல் அளித்தார். எங்கள் மாநிலத்துக்கும், மிசௌரி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களுக்கும் ஒரு காசும் இல்லை, ஆனால் நாங்கள் பின்னாளில் வழக்குப் போடும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுத்துவிட வேண்டும்! கொடுப்பது ஒன்றுமில்லை, வாங்குவது மட்டும் எல்லாம். சிலர் ஆட்சேபித்து மேல்முறையீட்டுக்குப் போனார்கள். நீதிபதியே தன் ஒப்புதல் சரியில்லை என்று பிறகு கருதியதால் 2019இல் வழக்கு அவரிடமே திரும்பியது. விடுபட்ட மாநிலங்களின் உரிமை காக்கப்பட்டது, தொகையில் 2.9 கோடி டாலர் குறைந்தது. எனக்குப் பணம் வரவில்லை. ஆனாலும் ஆட்சேபித்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, தம்பிகளே.

டல்லாஸ் கடைக்காரர்

மூன்றாம் தரப்பு நிறுவனங்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் கடைக்கு ஒரு நிறுவனம் கடிதம் போட்டது. உங்களுக்காக நாங்களே படிவம் நிரப்புகிறோம், வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு தாருங்கள் என்றது. சமரசத் தொகையைப் பங்கிட நீதிமன்றம் நியமித்த நிர்வாகியிடம் நேரில் கேட்டேன். படிவம் இலவசம், இடைத்தரகர் தேவையில்லை என்றார்கள். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஹூஸ்டன் இளைஞன்

ரசீது கேட்பதில்லை என்றால் இருபது மானிட்டர் என்று எழுதினால் என்ன ஆகும்? என் அறைத்தோழன் அப்படித்தான் எழுதுவேன் என்கிறான்.

முன்னாள் சட்ட உதவியாளர், சான் பிரான்சிஸ்கோ

தம்பி, படிவத்தின் அடியில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேல் உள்ள வரியை அவரைப் படிக்கச் சொல்லுங்கள். பொய் சொன்னால் பொய்ச் சத்தியக் குற்றம் என்றிருக்கும். எண்ணிக்கை வழக்கத்துக்கு மீறினால் நிர்வாகி ஆதாரம் கேட்பார். தராவிட்டால் உரிமைகோரல் தள்ளுபடியாகும்.

எடிசன்வாசி, நியூஜெர்சி

எல்லோருக்கும் நன்றி. மில்பிடாஸ் நண்பரே, உங்கள் பாதிக் காசோலைக்கு முன்னால் என் பத்து டாலர் நியாயமாகவே தெரிகிறது. கடைசியாக ஒரு கேள்வி: நண்பர் ஒருவர் வீடு மாறியதால் காசோலை திரும்பிப் போய்விட்டது. என்ன செய்யலாம்?

முன்னாள் சட்ட உதவியாளர், சான் பிரான்சிஸ்கோ

நிர்வாகிக்கு உரிமைகோரல் எண்ணோடு புது முகவரியை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நிதி முழுவதும் பங்கிடப்பட்டு முடிவதற்குள் கேட்டால் பெரும்பாலும் மறுபடி அனுப்புவார்கள். காசோலை கைக்கு வந்ததும் அதில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.